காப்பகத்தில் இரவு யார் இருக்கிறார்கள்? வாசகர் கேள்வி-பதில்

முதியோர் இல்லம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கும் இல்லம், மனநலச் சிகிச்சை முடிந்தவர்கள் தங்கும் விடுதி என்று பெரியவர்களுக்கான காப்பகங்களைப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பல வருடம் இந்த மாதிரி இடங்களுக்கு ஆய்வுக்குப் போயிருக்கிறேன், அதனால் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்காக ஓர் இல்லம் பார்த்தோம். வாசலிலேயே பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள். அது போதும்தானே?

போதாது. சான்றிதழ் இல்லையென்றால் அந்த இடமே வேண்டாம். இருந்தால் கிட்டப் போய்ப் படியுங்கள்: எத்தனை பேருக்கு அனுமதி, எந்த வகைப் பராமரிப்புக்கு, எந்தத் தேதி வரை. 30 பேருக்கு அனுமதி வாங்கிவிட்டு 34 கட்டில் போட்டிருந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன், சாப்பாட்டு அறையில் ஒரு திரையை இழுத்துவிட்டு அதற்குப் பின்னால் அந்த நான்கு கட்டில்கள். அப்புறம் கடைசி ஆய்வறிக்கையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் கண்காணிப்பு ஆணையம் தரும் மதிப்பீட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி இல்லத்தில் வைத்தாக வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதில் தவறில்லை. காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் என்கிறார்கள். சரியான கணக்கா?

எந்த நேரத்தில் என்று கேட்டீர்களா? சமையல்காரர், மேலாளர், துணி துவைப்பவர் எல்லோரையும் சேர்த்துத்தான் பல இடங்களில் இந்தக் கணக்கைச் சொல்வார்கள், அதுவும் பகல் கணக்கு. ஆஸ்திரேலியாவில் நிமிடக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியர் கணக்கில் வர வேண்டும். அதோடு 2023 ஜூலை முதல் 24 மணி நேரமும் ஒரு செவிலியர் இல்லத்திலேயே இருக்க வேண்டும் என்றும் விதி. இந்த இரண்டாவது விதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஓர் இல்லத்துக்கு இரவு பதினொன்றரைக்குப் போனோம். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண், மாலையிலிருந்து உட்காரக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார். ஒரு பாட்டியின் கட்டிலுக்கு மேலே அழைப்பு மணியின் வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கைக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்தது. அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பேரையும் அவர் ஒருத்தி தலையில் கட்டியது நிர்வாகம்தான். அறிக்கையில் அழைப்பு மணிக்கு ஒரு வரியும் ஆள் பற்றாக்குறைக்கு இரண்டு பக்கமும் எழுதினோம்.

கேள்வி: ஆய்வு வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதாமே?

தேதி சொல்லிவிட்டுப் போனால் புதுப் படுக்கை விரிப்பைத்தான் பார்க்க முடியும். அமெரிக்காவில் நர்சிங் இல்லங்களுக்குச் சொல்லாமல்தான் போக வேண்டும், இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே 15 மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. உங்கள் பகுதியில் விதி என்ன சொல்கிறது என்று உரிமம் தரும் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணனை நாற்காலியோடு துணியால் கட்டி வைத்திருந்தார்கள். "விழுந்துவிடுவார், அவர் நல்லதுக்குத்தான்" என்கிறார்கள்.

படித்ததும் மனசு கலங்கிவிட்டது. நர்சிங் இல்லங்களுக்கான அமெரிக்காவின் 1987 சட்டம் இதை நேராகச் சொல்கிறது: தண்டிப்பதற்காகவோ ஊழியர்களின் வசதிக்காகவோ யாரையும் கட்டி வைக்கக் கூடாது, மருந்து கொடுத்து அடக்கி வைக்கவும் கூடாது. கட்டி வைத்தால் விழ மாட்டார் என்பதும் நம்பிக்கைதான். கட்டை அவிழ்க்கப் போராடி விழுபவர்கள் உண்டு, அசையாமல் உட்கார்ந்தே கால் பலம் போய்ப் படுக்கைப் புண் வருபவர்களும் உண்டு. யார் உத்தரவு, எத்தனை மணி நேரம், எங்கே பதிவு செய்திருக்கிறார்கள் என்று இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நேராக ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போங்கள், இதில் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவில் மாற்றுத்திறனாளிகள் ஆறு பேர் தங்கும் இல்லம் வரப்போகிறது. ஆட்சேபம் தெரிவிக்க முடியுமா?

வண்டி நிறுத்த இடம், கழிவுநீர், தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி, இவற்றைப் பற்றிக் கேளுங்கள், கேட்க வேண்டியவைதான். ஆனால் அங்கே யார் குடிவருகிறார்கள் என்பதை வைத்து ஆட்சேபம் சொல்ல வேண்டாம். இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளில், பராமரிப்பு பெறும் ஆறு பேர் வரை ஒரே குடும்பமாக வாழும் வீடு சாதாரணக் குடியிருப்பு வகையிலேயே வருகிறது. எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோரையும் போல அவர்களுக்கும் உண்டு என்று 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு சொல்கிறது. ஊருக்கு வெளியே வயல்வெளி நடுவில் கட்டப்பட்ட பெரிய காப்பகங்களுக்கும் போயிருக்கிறேன். பேருந்து போகாது, கடை கிடையாது, பார்க்க வருகிறவர்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துவிடுவார்கள். உங்கள் தெரு அவர்களுக்கு நல்ல இடம்.

கேள்வி: தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பொருத்தச் செலவு அதிகம், புகை அலாரம் போதாதா?

அலாரம் அடித்ததும் எழுந்து ஓடக்கூடியவர்களுக்குப் போதும். 2014 ஜனவரியில் கனடாவின் லீல்-வேர்ட் ஊரில் ஒரு முதியோர் இல்லம் எரிந்து 32 பேர் இறந்தார்கள். ஸ்பிரிங்க்ளர் இல்லாத பழைய பகுதி முழுக்கப் போய்விட்டது, ஸ்பிரிங்க்ளர் இருந்த புதிய பகுதி நின்றது. கட்டிலிலிருந்து தானாக எழ முடியாத ஒருவரே இருந்தாலும் பொருத்துங்கள்.

கேள்வி: நடத்தும் நிறுவனம் நொடித்துப்போனால் அங்கே இருப்பவர்கள் கதி?

நடந்திருக்கிறது. பிரிட்டனில் சுமார் 31,000 பேரைப் பராமரித்துவந்த சதர்ன் கிராஸ் நிறுவனம் 2011இல் விழுந்தது. கட்டடங்களுக்கு வாடகை ஏறிக்கொண்டே போனது, வருமானம் ஏறவில்லை. இல்லங்களை வேறு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. அதற்குப் பிறகுதான், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில், பெரிய நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் வேலையும் கண்காணிப்பு ஆணையத்திடம் வந்தது. சேர்ப்பதற்கு முன் கட்டடம் சொந்தமா வாடகையா, கட்டும் முன்பணம் திரும்பி வருமா என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: குறை சொன்னால் அப்பாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தால் எத்தனையோ குடும்பங்கள் வாயே திறப்பதில்லை, அது எனக்குப் புரிகிறது. முதலில் ஒப்பந்தத்தில் வெளியேற்ற எத்தனை நாள் அவகாசம் என்று பாருங்கள். குறையை வாயால் சொல்லாமல் தேதி, நேரம் போட்டு எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒரே குறை உள்ள மற்றக் குடும்பங்கள் இருந்தால் சேர்ந்து எழுதுவது இன்னும் நல்லது. அப்பாவைப் பார்க்க ஞாயிறு மதியம் மட்டும் போகாமல், ஒரு வார நாளில் இரவு எட்டு மணிக்குப் போங்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அழைப்பு மணி அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஒருமுறை அழுத்துங்கள். ஆள் வர எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.