வெட்டுக்கிளி: வாசகர் கேள்விகள்

கேள்வி: கோடை மழைக்குப் பிறகு எங்கள் காப்பித் தோட்டத்துக் கல்யாண முருங்கையில், கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட வெட்டுக்கிளிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. வடக்கே வந்த படை இங்கும் வந்துவிட்டதா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: அது வேறு, இது வேறு. 2020-ல் ராஜஸ்தானில் பயிரை மேய்ந்தது பாலைவன வெட்டுக்கிளி. அதே ஆண்டு மே மாதம் கிருஷ்ணகிரி பக்கம் நேரலகிரியில் எருக்கஞ்செடியை மொய்த்து பீதி கிளப்பியது உள்ளூர் இனம்தான். உங்கள் தோட்டத்தில் இருப்பது, நீங்கள் சொல்லும் அடையாளப்படி, காப்பி வெட்டுக்கிளி. சீண்டினால் நாற்றமடிக்கும் நுரை கக்குகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரே தலைமுறை என்பதால் இப்போது பிடிப்பது அடுத்த ஆண்டு முட்டையையும் குறைக்கும்.

இறக்கை முளைக்காத குஞ்சு பறக்காது. வெயில் ஏறுமுன் குளிரில் மந்தமாகக் கிடக்கும். குடையைத் தலைகீழாக விரித்துக் கிளைக்கு அடியில் பிடித்து உலுக்குங்கள். சோப்புத்தூள் கரைத்த வாளியில் கொட்டுங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் பாதி ஏறித் தப்பிவிடும். கோழி தின்னும் என்று விட்டுவிடாதீர்கள். நுரை கக்கும் பூச்சியைக் கோழி தின்னும் என்று நம்ப முடியாது.

கேள்வி: வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்து மூன்று நாளாகியும் வெட்டுக்கிளி சாகவில்லையே?
– வாசகர், வாழப்பாடி

பதில்: உடனே சாகாது. வேம்பு இலையைத் தின்னவிடாது. தின்ற குஞ்சு தோலுரிக்க முடியாமல் பிறகு சாகும். எனவே பூச்சியை எண்ணாமல், இலையில் புதுக்கடி இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கை முளைத்ததிடம் பலன் குறைவு.

10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம்பருப்பு (ஓடு நீக்கிய கொட்டை). இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் இருமுறை வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் நாசில் அடைக்கும். 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து 10 லிட்டராக்குங்கள். சோப்பு இல்லாமல் இலையில் ஒட்டாது. பூசணம் பிடித்த கொட்டையும், எட்டுப் பத்து மாதம் தாண்டியதும் வீண். வெயில் வேம்பின் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால், மாலை 4 மணிக்கு மேல் அன்றன்று கரைத்ததை அடியுங்கள்.

கேள்வி: மெட்டாரைசியத்தையும் போர்டோ கலவையையும் ஒரே டேங்கில் கலந்தால் ஒரு கூலி மிச்சமாகுமே?
– வாசகர், மஞ்சக்குட்டை

பதில்: கூலி மிச்சம், மருந்து நஷ்டம். மெட்டாரைசியமே பூச்சியைக் கொல்லும் ஒரு பூஞ்சாணம். போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சாணக்கொல்லி. போர்டோவின் தாமிரம் அதையும் கொன்றுவிடும். லிட்டருக்கு 5 கிராம் மெட்டாரைசியத்தை ஈரப்பதமான மாலையில் முதலில் அடியுங்கள். குறைந்தது ஒரு வாரம் கழித்து போர்டோ. பூச்சி சாக ஒன்றிரண்டு வாரமாகும். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைத்து விற்ற பாக்கெட் வேண்டாம்.