எட்டு மணிப் பூசையும் எட்டு மணி வகுப்பும்

அன்புள்ள அக்கா,

நான் கல்முனையில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் அல்லேலூயாக் கூட்டத்தை, அதாவது பெந்தெகொஸ்தே சபையை, சேர்ந்த ஒருவர் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தொடங்கிவிடுவார். மாதாவைக் கும்பிடச் சொல்லி எந்த வேதத்தில் இருக்கிறது, சுரூபத்துக்கு ஏன் மெழுகுதிரி, பாவத்தை ஏன் ஒரு மனிதனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரே கேள்வி. இரவில் யூடியூப்பில் தேடித் தேடிப் பார்க்கிறேன். அடுத்த நாள் சொல்லப் போனால் நா எழும்புவதில்லை. வாயடைக்கிற மாதிரிப் பதில் சொல்ல எந்தப் புத்தகம் படிக்கலாம்? மகள் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் வகுப்பு ஞாயிறு காலை எட்டு மணிக்கு என்பதால் சில மாதமாகக் கோயிலுக்கும் ஒழுங்காகப் போக முடியவில்லை. இல்லாவிட்டால் பங்குச் சுவாமியிடமே கேட்டிருப்பேன்.

கல்முனையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கேள்விக்காக நான் இவ்வளவு அவசரமாகப் பதில் எழுத உட்காரவில்லை. கடைசி வரிக்கு முந்தின வரிக்காக உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு தாண்டவன்வெளிக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு ரியூசன் கொட்டிலைக் கடந்தேன். வெளியே வரிசையாகச் சைக்கிள்கள். அதில் ஒரு சின்னச் சைக்கிளின் கைபிடியில் நீலமணிச் செபமாலை ஒன்று சுற்றிக் கிடந்தது. உள்ளே பிள்ளைகள் எதையோ சத்தமாக ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பூசைக்கு மணி அடித்தது. ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் செபமாலை ஒரு கிழமையாக என் கண்ணைவிட்டுப் போகாமல் இருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சரி, கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாவை அருள் நிறைந்தவள் என்று வாழ்த்தியவர் கபிரியேல் தூதர். பெண்களுக்குள் ஆசி பெற்றவள் என்றவர் எலிசபெத்து. இரண்டும் லூக்கா முதலாம் அதிகாரத்திலேயே இருக்கின்றன. அதற்கு மேல் நாங்கள் மாதாவிடம் கேட்பது 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பதுதான். ஆராதனை கடவுள் ஒருவருக்கே, சுரூபத்துக்குச் செய்கிற வணக்கம் அதில் குறிக்கப்பட்டவரைச் சேர்கிறது என்று 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கத்திலேயே தீர்த்துவைத்துவிட்டார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு யோவான் 20:23ஐ எடுத்து வாசியுங்கள். இதற்கு மேல் வேண்டுமென்றால் உங்கள் சுவாமியிடம் போங்கள், புத்தகமும் அவரே தருவார்.

ஆனால் யாருடைய வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள்? உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று பேதுரு எழுதியதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதைப் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்று அவர் ஒட்டி எழுதியதை விட்டுவிடுகிறார்கள். 'அல்லேலூயாக் கூட்டம்' என்ற சொல்லை இனி எனக்கு எழுதாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு காலை அவர்கள் பக்கத்துச் சபையான மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் செத்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அதே காலையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் பூசைக்குப் போன நம் சனம் செத்தது. அவர்களும் நாங்களும் அன்று ஞாயிறென்று கோயிலுக்குப் போனதால்தான் செத்தோம்.

அடுத்த ஞாயிறு எங்கும் பூசை இல்லை. கர்தினால் தன் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். கதிரையில் இருக்க மனம் வராமல் நான் தரையில் முழங்காலில் நின்றேன். நன்மை (நற்கருணை) வாங்குகிற நேரம் வந்தபோது கையைக் குவித்தபடி அந்தக் கண்ணாடித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதை என்னால் மறக்க முடியாது.

இன்று பூசை இருக்கிறது, கோயில் கதவும் திறந்திருக்கிறது. 'ஒழுங்காகப் போக முடியவில்லை' என்று எழுதுகிறீர்கள். முடியவில்லையா, போகவில்லையா?

155ஆம் ஆண்டளவில் உரோமையில் யுஸ்தீன் என்று ஒருவர் இருந்தார். பிறகு வேதசாட்சியாகச் செத்தவர். கிறிஸ்தவர்கள் என்ற பேருக்காகவே எங்களைக் கொல்லாதீர்கள், நாங்கள் யாரென்று விசாரியுங்கள் என்று பேரரசர் அன்டோனினஸ் பயஸுக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். அதில் வாதமும் நிறைய உண்டு. ஆனால் முடிக்கிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் என்ன செய்கிறோம் என்று பேரரசருக்கு விவரிக்கிறார். பட்டணத்தில் இருப்பவர்களும் நாட்டுப்புறத்தில் இருப்பவர்களும் ஓரிடத்தில் கூடுகிறோம். நேரம் இருக்கும்வரை அப்போஸ்தலர்களின் ஏடுகளையும் தீர்க்கதரிசிகளின் எழுத்தையும் வாசிக்கிறோம். தலைமை தாங்குகிறவர் புத்தி சொல்கிறார். எல்லோரும் எழுந்து செபிக்கிறோம். அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன. வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சேருகிற காசு அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது.

தங்கச்சி, உங்கள் கல்முனைக் கோயிலில் நேற்று நடந்ததும் இதுதானே? உயிருக்கு மன்றாடுகிற மனிதனிடம் பேரரசருக்குச் சொல்ல இது இருந்தது. பக்கத்து மேசைச் சகோதரர் 'அதெல்லாம் இருக்கட்டும், நேற்றுக் கோயிலில் என்ன வாசித்தார்கள்?' என்று கேட்டால் உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது? புத்தகம் படிக்காததால்தான் நா எழும்பவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் கல்லடியில் இருந்தோம். அப்பா மேசன். ஞாயிறு காலையில் என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு புளியந்தீவுக்குப் பூசைக்குப் போவார். யுத்த காலம். பாலத்தடி இராணுவச் சோதனைச்சாவடியில் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். சட்டைப்பையில் இருப்பதை எல்லாம் மேசையில் எடுத்து வைக்க வேண்டும். அப்பா வைப்பது எந்த ஞாயிறும் மூன்றே மூன்று பொருள்: அடையாள அட்டை, காணிக்கைக்கு நாலாய் மடித்த ரூபாய்த்தாள், செபமாலை. செபமாலை அறுந்து அறுந்து தங்கூசி நைலோன் நூலால் கட்டியது. அதில் பத்து மணி இருக்க வேண்டிய ஒரு பத்தில் ஒன்பது மணிதான் இருக்கும். பத்தாவது மந்திரத்தைச் சீமெந்தில் வெடித்த பெருவிரலால் சுட்டுவிரலைத் தொட்டுச் சொல்வார். சில ஞாயிறு விடமாட்டார்கள். திரும்பி வந்து பூசை நேரம் முடியும்வரை வீட்டுக்குள் முழங்காலில் நிற்பார், எங்களையும் நிறுத்துவார். நிசேயா சங்கம் என்று ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

அந்த மனிதரின் மகளான நான், என் மகன் சாதாரண தரம் படித்தபோது இரண்டு வருஷம் ஞாயிறு காலையில் அவனை விஞ்ஞான வகுப்புக்கு அனுப்பினேன். பரீட்சை முடியட்டும், அப்புறம் போகலாம் என்றேன். பரீட்சை முடிந்தது, அவன் போகவில்லை. அப்பா இறந்து வீட்டில் செபமாலை சொன்ன இரவு, மூன்றாவது பத்தைப் பேரன் தொடங்கட்டும் என்று யாரோ அவன் கையில் அந்தத் தங்கூசிச் செபமாலையைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் சொல்கிற துக்க தேவ இரகசியத்தில் மூன்றாவது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். வீடு நிறையச் சனம். அந்தப் பார்வைக்கு அவன் எடுத்த 'ஏ' ஒன்றும் எனக்கு ஈடாகவில்லை.

உங்களைப் பேசுகிற உரிமை எனக்கு அங்கிருந்துதான் வருகிறது. கோபப்படாதீர்கள்.

சனிக்கிழமை பின்னேரப் பூசையும் ஞாயிறு பூசை காண வேண்டிய கடனுக்குக் கணக்கு. உங்கள் பங்கில் அது உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நாலு தாய்மார் சேர்ந்து போய் வகுப்பு நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். பிள்ளைகள் குறைந்துவிடும் என்றால் எந்த ஆசிரியரும் யோசிப்பார். அந்தச் சகோதரரோடு வாதாடாமல் ஒரு மத்தியானம் சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். அவர் கேட்பது உங்களை மடக்கத்தானா, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தானா என்று அப்போது தெரியும்.

செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு நடந்து போக இருக்கிறோம். மகளையும் கூட்டிக்கொண்டு முதல்நாளே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அப்பாவின் செபமாலையை அவள் கையில் கொடுக்கிறேன். ஒன்பது மணி உள்ள பத்து எது என்று வழிநெடுக எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா