பதினோராயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய போர்ஷே

கேள்வி: வணக்கம் வக்கீல் ஐயா. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். எனக்கு வயது 34. போன தை மாதம் பெங்களூரில் பழைய சொகுசுக் கார்கள் விற்கும் ஒரு ஷோரூமில் 2017 மாடல் போர்ஷே 911 வாங்கினேன். கர்நாடகப் பதிவு, சிங்கிள் ஓனர், மீட்டரில் 11,060 கி.மீ. விலை 96 லட்சம். அதில் 81 லட்சம் வங்கி வழியாகவும் 15 லட்சம் ரொக்கமாகவும் கொடுத்தேன். பில்லில் 81 மட்டும்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்காக முதல் ஓனர் கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 கொடுத்தார்கள், வாங்குபவர் பெயரும் தேதியும் காலி. வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்ஓசி (தடையில்லாச் சான்று) இன்று வரும், நாளை வரும் என்றே ஐந்து மாதம் ஓடிவிட்டது. சர்வீஸுக்கு விட்டபோது, 2021லேயே இந்த வண்டிக்கு 28,400 கி.மீ. பதிவு இருப்பதாகவும், எஞ்சின் கணினியில் 1,320 மணி நேரம் ஓடியதாகக் காட்டுவதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். ஷோரூமில் கேட்டால், "நாங்கள் புரோக்கர்தான், மீட்டருக்குப் பொறுப்பில்லை என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறோமே" என்கிறார்கள். தருமபுரியில் ஒரு டாக்டர் 93 லட்சத்துக்குக் கேட்கிறார், 1 லட்சம் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். மீட்டர் விஷயம் அவருக்குத் தெரியாது. அதே 29, 30ல் அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா? இல்லை, கேஸ் போட்டால் பணம் திரும்புமா? வண்டி வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதால் சுங்கத் தொல்லை ஏதும் வருமா?

பதில்: டாக்டர் விஷயத்தை முதலில் எடுக்கிறேன், அவசரம் அங்கேதான். அவருக்கு இப்படி விற்காதீர்கள், தம்பி. இந்த நிமிடம் வரை நீங்கள் ஏமாந்தவர். சர்வீஸ் சென்டர் கொடுத்த தாளை மேசை டிராயரில் வைத்துக்கொண்டு அந்த மீட்டரைக் காட்டிப் பணம் வாங்கினால், ஏமாற்றியவர் பட்டியலில் உங்கள் பெயரும் ஏறும். பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோல் சொல்வதும், தெரிந்த விஷயத்தை முனைந்து மறைப்பதும் ஒப்பந்தச் சட்டத்தின் 17வது பிரிவில் மோசடி. சும்மா வாய்மூடி இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்று அதே பிரிவின் அடியில் ஒரு விளக்கம் உண்டு. 'நான் ஒன்றும் சொல்லவில்லையே' என்று தப்பிக்க நினைக்கும் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் டாக்டர் 93 லட்சம் தருவதே அந்த 11,060 என்ற எண்ணுக்காக. நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் உங்கள் மீட்டர் பேசுகிறது. புகார் போனால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318(4), ஏழு ஆண்டு வரை சிறை. 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள் இவை, பேச்சு பரவ நேரம் ஆகாது. அந்த டாக்டரும் வண்டியை எங்காவது சர்வீஸுக்கு விடத்தான் போகிறார்.

இன்னொரு ஆபத்து அந்தக் காலிப் படிவங்களில் இருக்கிறது. முதல் ஓனர் பெயரிலிருந்து நேராக டாக்டர் பெயருக்கு மாற்றிவிட்டால், ஆவணப்படி நீங்கள் இந்தக் காருக்கு ஒரு நாள்கூட உரிமையாளராக இருந்ததில்லை. ஷோரூம் மீது நாளை நீங்கள் போடும் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கையில் கார் இல்லையென்றால், 'வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடு' என்று கேட்கவும் வழியில்லாமல் போகும்.

இப்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1,320 மணி நேரத்தில் 11,060 கி.மீ. என்றால் மணிக்குச் சராசரி 8 கி.மீ. மெதுவாக ஓடுபவரே அதைத் தொட்டுவிடுவார். பெங்களூர் சிக்னல்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை, ஆனால் ஒரு 911 பிறந்ததிலிருந்து அந்த வேகத்தில்தான் ஓடியது என்றால் எந்த நீதிபதியும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பார். 28,400ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 21 கி.மீ.க்கு மேல் வருகிறது, அது நகரத்தில் ஓடிய வண்டிக்கு நம்பக்கூடிய எண். மணிக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு நின்றால், 'ஏசி போட்டு நிறுத்தி வைத்திருந்தார்' என்று சொல்லிவிடுவார்கள். 2021ஆம் ஆண்டு சர்வீஸ் பதிவும் சேர்ந்திருப்பதால்தான் உங்கள் தரப்பு பலமாகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதையும் படம் எடுத்து வையுங்கள். பதினோராயிரம் ஓடிய வண்டியில் டயர் எப்போது, எதற்காக மாறியது என்று ஷோரூம்தான் விளக்க வேண்டியிருக்கும்.

ஆனால் வழக்கின் உயிர் வேறொரு தாளில் இருக்கிறது. மீட்டரைத் திருப்பியது யார்? இதற்குப் பதில் தெரிவதைப் பொறுத்து சட்டமே மாறுகிறது. ஷோரூமே திருப்பியிருந்தாலோ, தெரிந்தே விற்றிருந்தாலோ அது 17வது பிரிவு மோசடி, ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். அவர்களும் தெரியாமல்தான் விற்றார்கள் என்றால் அது 18வது பிரிவில் வரும் தவறான கூற்று. அப்போதும் ரத்து செய்யலாம்தான், ஆனால் 19வது பிரிவில் ஒரு விதிவிலக்கு நிற்கிறது: வாங்குபவர் சாதாரண அக்கறை எடுத்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் ரத்து செய்ய முடியாது. 'வாங்குவதற்கு முன் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டியிருக்கலாமே' என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டால் உங்களிடம் பதில் கொஞ்சம் குறைவு. உங்கள் ஆலைக்கு வரும் பெங்களூரா மாங்காயை மேல் கூடையை மட்டும் பார்த்து எடை போடுவீர்களா? அடிக் கூடையில் கை விடுவீர்கள். 96 லட்சத்துக்கு மேல் கூடையோடு திருப்திப்பட்டிருக்கிறீர்கள். மோசடி செய்து மறைத்தவர் அந்த விதிவிலக்கைத் தனக்கு ஆதரவாகப் பிடிக்க முடியாது என்பதால்தான், யார் திருப்பியது என்பது முக்கியம்.

அதற்கு முதல் ஓனரைப் பிடியுங்கள். படிவத்தில் அவர் முகவரி இருக்கிறது. அவரை எதிரியாக நினைத்துப் பேசாதீர்கள், பெரும்பாலும் அவர்தான் உங்கள் முதல் சாட்சி. வண்டியை ஷோரூமில் விட்ட அன்று டெலிவரி நோட் போட்டிருப்பார்கள், அதில் மீட்டர் எண் எழுதும் வழக்கம் உண்டு. அங்கே முப்பதாயிரம் சொச்சம் என்று இருந்தால் கதை முடிந்தது. அவருக்கும் இதில் பயம் இருக்கிறது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து மாதமாகத் தன் பெயரில் ஒரு 911 கிருஷ்ணகிரியில் ஓடுகிறது என்று கேட்டாலே அவர் டீக்கூடக் குடிக்காமல் பேச வருவார்.

அவரிடம் படிவம் 29சி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதலான புதிய விதிகள் வந்திருக்கின்றன. வண்டி வியாபாரி கைக்குப் போனதை 29சி மூலம் தெரிவித்து ஒப்புகை வந்துவிட்டால், அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அப்புறம் 'நான் புரோக்கர்தான்' என்ற பேச்சு எடுபடாது. 29சி போடவே இல்லை, அங்கீகாரமும் இல்லை என்றால் அது அவர்களுக்கு இன்னும் மோசம். தவிர, பில்லை யார் பெயரில் போட்டார்கள், பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். இரண்டும் ஷோரூம் என்றால் ஷோரூம்தான் விற்றது.

பில்லில் அச்சடித்த 'பொறுப்பில்லை' வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். தன் மோசடிக்குத் தானே முன்கூட்டி மன்னிப்பு எழுதிக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. வாட்ஸப்பில் '11 ஆயிரம்தான் சார், ஜென்யூன்' என்று அனுப்பியிருப்பார்களே, அதை அழித்துவிடாதீர்கள். போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63வது பிரிவின்படி சான்று வேண்டும், அதை நாங்கள் தயார் செய்துகொள்வோம்.

வழக்கை எங்கே போடுவது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதுவும் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்திலேயே. பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்தின் வரம்பு, கொடுத்த விலை 50 லட்சம் வரைதான். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை சென்னையில் உள்ள மாநில ஆணையம். ஒரு கோடிக்குள் இருப்பதால் கட்டணம் 2,000 ரூபாய். இதையே சிவில் கோர்ட்டில் போட்டால் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 96 லட்சத்துக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு கெடு இருக்கிறது. காரை ஆலையின் பெயரில் வாங்கியிருந்தால் 'வணிக நோக்கம்' என்று ஆட்சேபிப்பார்கள். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு நிறுவனம் வாங்கிய பென்ஸ் கார் வணிக நோக்கம் ஆகாது என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதை வைத்துப் பதில் சொல்லலாம்.

போலீஸ் புகாரும் கொடுக்கலாம். ஏமாற்றுச் செய்தி உங்கள் போனுக்கு வந்தது கிருஷ்ணகிரியில் என்றால், இங்கேயே விசாரிக்க இடமிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பணத் தகராறு வாசனை அடித்தால் 'சிவிலுக்குப் போங்க' என்று அனுப்பும் பழக்கம் உண்டு.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத வரி அந்த 15 லட்சம் ரொக்கம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வாங்கியவருக்கு. அதாவது அடி ஷோரூமுக்கு. ஆனால் நீங்கள் 96 லட்சத்தைக் கேட்டால் அந்த 15 எங்கிருந்து வந்தது என்று உங்களையும் கேட்பார்கள். ஆலைக் கணக்கில் எடுத்த பணம் என்றால் துணிந்து கேளுங்கள். கணக்கில் வராத பணம் என்றால் முதலில் உங்கள் ஆடிட்டரிடம் போய்விட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள். வழக்கில் 81 என்று எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் 96 என்று உளறினால் மொத்த வழக்கும் சாயும்.

சுங்கம் பற்றிய பயம் உங்கள் காருக்கு அநேகமாக வேண்டாம். கம்பெனியின் அதிகாரபூர்வ விற்பனையாளர் இந்தியாவில் புதிதாக விற்ற வண்டி என்பதற்கு முதல் ஓனரிடம் ஆரம்ப இன்வாய்ஸ் இருக்கும், ஒரு நகல் வாங்கி வையுங்கள். தனியார் ஒருவர் நேரடியாக இறக்குமதி செய்த வண்டிகளில்தான் சிக்கல். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை பூட்டான் வழியாக வந்த வண்டிகளைப் பிடித்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இறக்குமதி செய்யாத, கைமாறி வாங்கிய ஒருவரிடம் கேட்ட வரியை 2024ல் ஒரு போர்ஷே கரேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. அந்த ஆறுதலைப் பெற அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இனி செய்ய வேண்டியவை. வண்டியை ஷெட்டில் நிறுத்தி மூடுங்கள். பாலிசி இன்னும் முதல் ஓனர் பெயரில் இருக்கிறது. மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு வரும், உங்கள் வண்டிக்கான சேத இழப்பீடு அப்படித் தானாக வராது. தொப்பூர் கணவாயில் நீங்கள் ஒரு லாரியில் உரசினால் உங்கள் வண்டியின் செலவு முழுதும் உங்களுடையது. மீட்டரை யாரும் 'சரி' செய்ய விடாதீர்கள், ஆணையம் நிபுணரை அனுப்பினால் அவர் பார்க்க வேண்டியது இப்போதிருக்கும் நிலையைத்தான். இப்போதைக்குத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றவும் வேண்டாம். ஆயுள் வரி லட்சக்கணக்கில் வரும், அதைக் கட்டிவிட்டு 'எனக்கு இந்த வண்டி வேண்டாம்' என்றால் யார் நம்புவார்கள்? மாற்றத் தாமதித்ததற்கான அபராதம் அதன் முன் சில்லறை. ஆனால் ரத்து செய்கிறேன் என்ற நோட்டீஸ் இந்த வாரமே போக வேண்டும், ஷோரூமுக்கும் முதல் ஓனருக்கும், ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில். ஐந்து மாதம் ஓட்டிவிட்டீர்கள், உண்மை தெரிந்த பிறகும் ஓட்டினால் வண்டியை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதன் பின் நஷ்ட ஈடுதான் மிஞ்சும்.

வண்டியை விடவே மனசு வரவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வைத்துக்கொண்டு, உண்மையான கிலோமீட்டருக்கு உண்டான விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கலாம். உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகு, சர்வீஸ் தாளை இணைத்து, '28,400க்கு மேல் ஓடியது, மீட்டர் நம்பத்தக்கதல்ல' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி டாக்டருக்கே விற்கவும் செய்யலாம். அந்த விலையே உங்கள் நஷ்டத்துக்கு அளவுகோலாகும். அதுவரை அவர் பணம் உங்களிடம் இருக்க வேண்டாம். அந்த 1 லட்சத்தை இன்றே, வந்த அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, காரணத்தை அவருக்குப் போனில் சொல்லுங்கள்.