கணினி கேள்வி–பதில்: கார்டு ரீடரைப் பெட்டிக்குள்ளேயே பொருத்தலாமா?

கேள்வி: திருமணப் படங்கள் எடுக்கிறேன். ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய வொர்க்ஸ்டேஷனை வாங்கியிருக்கிறேன். மேசையில் கிடக்கும் யூஎஸ்பி ரீடர் கைபட்டுக் கைபட்டு விழுகிறது. முன்பக்கத்திலேயே நிரந்தரமாக ஒன்றைப் பொருத்த என்ன வாங்க வேண்டும்?
– வாசகர், ஈசூன்

பதில்: சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரின் கணினிக் கடைகளுக்குப் புறப்படுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்த ரீடர் பொருந்தும் என்பதை மதர்போர்டில் காலியாக இருக்கும் யூஎஸ்பி ஹெடர்தான் (உள் கேபிளைச் செருகும் பின்களின் தொகுப்பு) தீர்மானிக்கும்.

ரீடருக்குப் பயன்படும் ஹெடர் இரண்டு வகை. சிறியது யூஎஸ்பி 2.0: ஐந்தைந்தாக இரண்டு வரிசை, ஒரு முனையில் ஒரு பின் இல்லாமல் மொத்தம் 9 பின். பெரியது யூஎஸ்பி 3.0: சுற்றிலும் பிளாஸ்டிக் சுவர், உள்ளே 19 பின். 9 பின் ஹெடரில் இணைத்தால் நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பி கிடைக்கும். 64 ஜிபி கார்டை இறக்க அரை மணி நேரம் ஆகும். 19 பின் ஹெடரில் சாதாரண யூஎச்எஸ்-1 (எஸ்டி கார்டுகளின் ஒரு வேகத் தரம்) கார்டு 90 எம்பி வரை போகும், அதே வேலை 12 நிமிடத்தில் முடியும். திருமணத்துக்கு நான்கு கார்டு நிரப்புகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

சிக்கல் என்னவென்றால், பல போர்டுகளில் 19 பின் ஹெடர் ஒன்றுதான் இருக்கும், அதையும் முன்பக்க யூஎஸ்பி துளைகள் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் 19 பின் ஹெடர் உள்ள பிசிஐஇ யூஎஸ்பி 3.0 அட்டை ஒன்று வாங்கி, மதர்போர்டில் கூடுதல் அட்டைகளுக்கான பிசிஐஇ துளையில் செருகுங்கள். அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டியிருந்தால் பவர் சப்ளையில் சாட்டா அல்லது மோலெக்ஸ் வயர் மிச்சம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். 19 பின்னை 9 பின்னாக மாற்றும் சின்ன அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். ரீடர் வேலை செய்யும், ஆனால் வேகம் யூஎஸ்பி 2.0 அளவுக்கே இறங்கிவிடும். காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் காரியம் அது.

அடுத்தது இடம். ரீடருக்கு முகப்பில் திறப்புள்ள 3.5 அங்குல பே (சாதனம் பொருத்தும் அறை) வேண்டும். ஹார்ட் டிஸ்க் வைக்கும் பேயும் அதே அளவுதான், ஆனால் முன்பக்கம் மூடியிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். டிவிடி டிரைவுக்கான 5.25 அங்குல பே காலியாக இருந்தால் அதற்கேற்ற மாற்றுச் சட்டம் போட்டு உள்ளே 3.5 அங்குல ரீடரை வைக்கலாம். பெரிய நிறுவனங்களின் வொர்க்ஸ்டேஷன்களில் முகப்புத் தட்டு அந்த மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்கும். மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளர் தளத்தில் சர்வீஸ் கையேட்டை இறக்கிப் பாருங்கள். ஹெடர் எங்கே, பே எந்த வகை, எல்லாம் படத்தோடு இருக்கும். கடைக்குப் போகும்போது ஹெடரையும் பேயையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ரீடர் வாங்கிவிட்டேன். நானே பொருத்தினால் போர்டு எரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதில் கவனம் வேண்டும்?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: எரிவதற்கு உண்மையான வழி இரண்டே இரண்டு. இரண்டையும் தவிர்ப்பது சுலபம்.

முதலாவது, தவறான ஹெடர். பழைய போர்டுகளில் ஃபயர்வயர் (வீடியோ கேமரா போன்றவற்றுக்கான பழைய இணைப்பு) ஹெடரும் யூஎஸ்பி 2.0 ஹெடரைப் போலவே அச்சு அசலாக இருக்கும். அதில் வருவது 12 வோல்ட். யூஎஸ்பி ரீடர் கேட்பது 5 வோல்ட். செருகி சுவிட்சைத் தட்டினால் ரீடர் போய்விடும். முன்பக்க ஆடியோ ஹெடரும் 9 பின்தான், ஆனால் அதில் இல்லாத பின் 8ஆவது. யூஎஸ்பியில் இல்லாதது 9ஆவது. பின்களுக்குப் பக்கத்தில் போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்த பிறகே செருகுங்கள்.

இரண்டாவது, திருப்பிப் போடுவது. சில ரீடர்களின் கேபிள் ஒற்றை வரிசை, 4 அல்லது 5 துளைதான். எப்படித் திருப்பினாலும் நுழையும். சிவப்பு வயர் 5 வோல்ட், அது 1ஆம் பின் பக்கம் வர வேண்டும். கறுப்பு, தரை இணைப்பு. ஒரு பின் தள்ளிச் செருகினாலும் ஆபத்துதான், ஆகவே டார்ச் அடித்து எண்ணிப் பாருங்கள்.

வேலை தொடங்கும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு கணினியின் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தினால் உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான். ஏர்கான் நாள் முழுக்க ஓடும் அறை அப்படியில்லை, அங்கே பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொண்டே செய்யுங்கள்.

ரீடரை முன்பக்கமாக, கேபிள் முதலில் போகும்படி நுழையுங்கள். திருகு விஷயத்தில் பலர் சறுக்குவார்கள். கார்டு ரீடருக்கு எம்3 திருகு. ஹார்ட் டிஸ்க்குக்குப் போடும் 6-32 திருகு அதைவிடச் சற்றுத் தடிமன், மரை அகலம். அதை அழுத்தித் திருப்பினால் ரீடரின் மரை நொறுங்கி, பிறகு எதுவும் பிடிக்காது. இரண்டு சுற்று விரலாலேயே போகாத திருகை டிரைவரால் போகவைக்காதீர்கள். நீளம் 5 மி.மீ. போதும்; நீளமானது உள்ளிருக்கும் சர்க்கியூட்டில் முட்டும். முதலில் பாதி இறுக்கி, முகப்போடு சமமாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முழுதும் இறுக்குங்கள்.

19 பின் கேபிள் விறைப்பானது. வளைத்துத் திணித்தால் ஹெடரின் பின்கள் சாயும். நேராக மேலிருந்து அழுத்துங்கள். கழற்றும்போதும் அசைத்து அசைத்து இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் சுவர் போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும்.

கேள்வி: ரீடர் போட்ட பிறகு காலியான நான்கு டிரைவ் தெரிகிறது. அலுவலக நெட்வொர்க் டிரைவைக் காணோம். ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்தால் ரீடரே மறைந்துவிடுகிறது!
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: நான்கு துளைக்கும் விண்டோஸ் ஆளுக்கொரு எழுத்து கொடுத்துவிட்டது; நெட்வொர்க் டிரைவின் எழுத்தும் அதில் அகப்பட்டது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, துளைகளுக்கு டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் போன்ற கடைசி எழுத்துகளைக் கொடுங்கள். காலித் துளைகள் கண்ணை உறுத்தினால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் காலி டிரைவுகளை மறைக்கும் தேர்வு உண்டு.

‘சேஃப்லி ரிமூவ்’ ரீடர் முழுவதையும் நிறுத்திவிடும். வெளியில் இருக்கும் ரீடரானால் பிடுங்கிச் செருகலாம். உள்ளே இருப்பதற்குப் பெரும்பாலும் கணினியை மறுபடி தொடங்குவதுதான் வழி. அந்தக் கார்டின் டிரைவ் எழுத்தில் வலது கிளிக் செய்து ‘இஜெக்ட்’ மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று: கார்டைச் செருகியபடியே கணினியைத் தொடங்கினால் சில போர்டுகள் அதிலிருந்து பூட் ஆகப் பார்த்து, கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) உள் டிஸ்க்கைத் தொடக்க வரிசையில் முதலில் வையுங்கள்.

கேள்வி: யூஎச்எஸ்-2 கார்டுக்கு நல்ல விலை கொடுத்தேன். புது ரீடரிலும் 90 எம்பியைத் தாண்டவில்லையே?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கார்டின் பின்புறம் பாருங்கள், தொடுபுள்ளிகள் இரண்டு வரிசை இருக்கும். விநாடிக்கு 312 எம்பி என்ற உச்சவரம்பு அந்த இரண்டாம் வரிசையால் வருவது. உங்கள் ரீடரில் அதைத் தொடும் முனைகள் இல்லை. யூஎச்எஸ்-1 ஆகவே படிக்கிறது. ‘யூஎஸ்பி 3.0’ என்று பெட்டியில் போட்டிருப்பது கேபிளின் கதை மட்டும். ‘யூஎச்எஸ்-2’ என்று தனியாக அச்சிட்ட ரீடரை வாங்குங்கள். பழைய ரீடர்களில் இதைவிட மோசம்: எஸ்டிஎச்சி என்ற பழைய கார்டு வகை வரை மட்டும் தெரிந்தவை 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைக் கண்டுகொள்ளாது, அல்லது ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும். ஆம் என்று சொன்னால் படங்கள் போயிற்று.

கேள்வி: ஓராண்டு நன்றாக ஓடிய உள் ரீடர் இப்போது கார்டை விட்டு விட்டுத்தான் படிக்கிறது.
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: தூசிதான் முதல் சந்தேகம். பெட்டியின் விசிறிகள் காற்றை உறிஞ்சும்போது ரீடரின் துளைகளும் மூக்காகிவிடும். நம் ஈரப்பதத்தில் அந்தத் தூசி தொடுபுள்ளிகளில் ஒட்டிக்கொள்ளும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். கணினியை அணைத்துவிட்டு கையால் அழுத்தும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் கார்டின் தொடுபுள்ளிகளைத் துடையுங்கள். சிஎஃப் (காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டு) துளையாக இருந்தால் உள்ளே 50 பின்களில் ஒன்று சாய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாய்ந்த பின்னோடு கார்டை அழுத்தினால் கார்டும் கெடும். எஸ்டி கார்டு மட்டும் ‘ரைட் புரொடெக்டட்’ என்று வந்தால் பக்கவாட்டிலுள்ள பூட்டுத் தள்ளியைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் தொடர்ந்தால், அதை உணரும் துளையின் சுவிட்ச் தேய்ந்திருக்கும், ரீடரை மாற்றுவதே மலிவு.