தோற்ற பிறகும் ஊர் திரும்ப வேண்டாம்: டென்னிஸ் கேள்வி பதில்

கேள்வி: தகுதிச் சுற்றில் தோற்றவர் கிராண்ட் ஸ்லாமில் ஆடுகிறாரே, எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: அவர்தான் 'லக்கி லூசர்'. மெயின் டிராவில் (முதன்மைப் போட்டிக்கான ஆட்டப் பட்டியலில்) யாராவது விலகினால் அந்த இடம் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்குப் போகும். தரவரிசைப்படி அழைப்பார்கள். கிராண்ட் ஸ்லாமில் முதல் சிலருக்குள் குலுக்கல் உண்டு. ஏனென்றால், தோற்றாலும் இடம் நிச்சயம் என்று முன்பே தெரிந்தால் யார் உயிரைக் கொடுத்து ஆடுவார்?

இடத்துக்குக் காத்திருப்பவர் அன்றன்று காலை அரங்கில் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். வேறு போட்டியில் ஆடப் போய்விட்டால் வாய்ப்பு போச்சு. 2018 பிரெஞ்சு ஓபனில் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு அதுதான் நடந்தது. தகுதிச் சுற்றில் தோற்றதும் இத்தாலியின் விசென்சாவில் நடந்த சேலஞ்சர் என்ற கீழ்நிலைப் போட்டிக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்துக்கு, பார்சிலோனாவிலிருந்து பாட்டி, அம்மா, சகோதரருடன் காரிலேயே பாரிஸ் வந்தார் அர்ஜென்டினாவின் மார்கோ டுருங்கெலிட்டி. வந்தவர் முதல் சுற்றில் ஆஸ்திரேலியாவின் பெர்னார்ட் டாமிக்கையும் வென்றார்.

பிரஜ்னேஷ் செய்ததைத் தப்பென்று சொல்ல மாட்டோம். வழக்கமாக ஓரிரு இடங்கள்தான் காலியாகும். காத்திருந்தால் சேலஞ்சர் புள்ளிகளும் போய்விடும். ஆனால் அந்த ஆண்டு விதி மாறியிருந்தது. அதற்கு முன், காயம் பட்டவரும் முதல் சுற்றுப் பரிசுக்காகக் களமிறங்கி, நாலு கேம் ஆடிவிட்டு விலகுவார். புது விதிப்படி, போட்டி நடக்கும் இடத்துக்கு வந்து உரிய நேரத்தில் விலகினாலே பாதிப் பணம் அவருக்கு. மீதிப் பாதி லக்கி லூசருக்கு. அன்று முதல் சுற்றுப் பரிசு 40,000 யூரோ. வரிசையாக விலகினார்கள்.

கேள்வி: ஆடாமலே தரவரிசை சரிவது ஏன்? (கோவை வாசகர்)

பதில்: ஒரு போட்டியில் எடுத்த புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அது கழிந்துவிடும்.

கேள்வி: காயத்தால் ஓராண்டு ஒதுங்கியவர் மறுபடி அடிமட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். ஆண்கள் பிரிவில் குறைந்தது 6 மாதம் ஆடாமல் இருந்தால் 'பாதுகாக்கப்பட்ட தரவரிசை' கேட்கலாம். கடைசியாக ஆடிய போட்டியிலிருந்து 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான். காயத்தின் முதல் 3 மாதத் தரவரிசையின் சராசரியைக் கணக்கிட்டுத் தருவார்கள். திரும்பி வந்தபின் 9 போட்டி அல்லது 9 மாதம், எது முந்துகிறதோ அதுவரை செல்லும்; ஓராண்டோ அதற்கு மேலோ ஒதுங்கியிருந்தால் இரண்டும் 12. எந்தப் போட்டிக்கு அதைச் செலவழிப்பது என்று யோசித்துச் செய்வது நல்லது. நுழைவுக்கு மட்டுமே அது உதவும். சீடிங் (முன்னணி வீரர்கள் ஆரம்பத்திலேயே மோதாதபடி தரும் வரிசை எண்) கிடைக்காது, லக்கி லூசர் வரிசையிலும் எடுபடாது.