பெரிய கிளாக்கரைக் கேளுங்கள்: கணக்கு டீச்சர் எங்கே போனார்?

வலயக் கல்வி அலுவலகம் ஒன்றில் கோப்புக் கட்டுகளுக்கு நடுவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள். அலுமாரிச் சாவி மட்டும் என்னிடமே இருந்தது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாடசாலை பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பென்சன் கேட்டு எழுதியவர்கள் கோபிக்காமல் அடுத்த இதழ்வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் கணக்கு டீச்சரை இரண்டாம் தவணை நடுவில் டவுன் பாடசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். என் மகள் தரம் 11. அதிபரிடம் கேட்டால் "மேலிடத்து முடிவு" என்கிறார். வலயத்துக்குப் போனால் "அதிபரிடம் கேளுங்கள்" என்கிறார்கள். கொழுந்து பறிக்கிறவள் நான். அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, விட்டுவிட்டு எத்தனை தடவை பஸ் ஏறுவது?
– ஊரும் பெயரும் வேண்டாம் என்ற ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். டீச்சருக்குக் கிடைத்தது இடமாற்றமா, தற்காலிக இணைப்பா? உங்கள் மகளுக்கு இரண்டும் ஒன்றுதான், வகுப்பில் ஆள் இல்லை. கோப்பில் அப்படியில்லை. இடமாற்றம் என்றால் அவருடைய இடம் உங்கள் பாடசாலையில் வெற்றிடமாகிவிடும், பட்டியலில் ஏறும், பதிலுக்கு ஆள் கேட்கலாம். இணைப்பு என்றால் அவர் டவுனில் படிப்பிப்பார், பெயர் உங்கள் பாடசாலைக் கணக்கிலேயே இருக்கும். அதாவது காகிதத்தில் உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர் இருக்கிறார். இருக்கிற இடத்துக்கு யார் இன்னொருவரை அனுப்புவார்?

தவணை நடுவில் போனார் என்று எழுதியிருப்பதால், இது இணைப்பாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. வருடாந்த இடமாற்றத்துக்கு இடமாற்ற சபை கூடும், தொழிற்சங்கக்காரர்களும் அதில் உட்காருவார்கள், வழக்கமாகப் புதிய ஆண்டு தொடங்கும்போது நடைமுறைக்கு வரும். இணைப்புக்கு அவ்வளவு சடங்கு கிடையாது. டவுனில் யாரோ ஒருவர் பிரசவ விடுமுறையில் போயிருப்பார், அங்கே பெற்றோர் சத்தம் போட்டிருப்பார்கள், சத்தம் வராத இடத்திலிருந்து ஆளை எடுத்திருப்பார்கள். நான் சொல்வது கொஞ்சம் கசப்பாக இருக்கலாம், ஆனால் அலுவலகத்தில் முடிவு பிறக்கிற விதம் பல நேரம் இதுதான்.

ஆகவே இனி வாய்வார்த்தைக்காகப் பஸ் ஏறாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு ஒரு கடிதம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பழைய காலத்தில் தோட்டத் துரைக்கு எழுதுவது போல "தயவுகூர்ந்து, பணிவுடன்" என்று இரண்டு பக்கம் நிரப்பவும் தேவையில்லை. நாலு கேள்வி போதும்: எங்கள் பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட கணித ஆசிரியர்கள் எத்தனை பேர்? இன்று உண்மையில் படிப்பிப்பவர்கள் எத்தனை பேர்? இன்ன மாதம் போன ஆசிரியருக்குக் கொடுத்தது இடமாற்றக் கடிதமா, இணைப்புக் கடிதமா? இணைப்பு என்றால் எந்தத் திகதி வரை?

கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், அல்லது மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்தில் பதில் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழு. என் அனுபவத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. "இணைப்பு எந்தத் திகதி வரை" என்ற வரியைப் படித்ததுமே யாராவது அந்தக் கோப்பைத் தேடி எடுப்பார்கள். முடிவுத் திகதி போடாத இணைப்புக் கடிதம் மேசைக்கு வந்தால் எந்த அதிகாரிக்கும் கொஞ்சம் வியர்க்கும்.

தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்குத் தந்த உரிமை அது. "சிங்களத்தில் கொண்டுவாருங்கள்" என்று கவுண்டரில் சொன்னால் அந்தச் சொல்லையும் எழுத்தில் கேளுங்கள், தர மாட்டார்கள்.

தனியாகவும் போக வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டச் சொல்லி, கணக்கு ஆசிரியர் இல்லை என்பதைத் தீர்மானமாகக் கூட்டறிக்கையில் எழுதவைத்து, அதன் பிரதியைக் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். அதிபர்தான் சங்கத்தின் தலைவர். அவர் தயங்கலாம், ஆனால் இந்தத் தீர்மானம் அவருக்கும் ஒரு பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், டீச்சரைத் திட்டாதீர்கள். 2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக இளைஞர் யுவதிகளைச் சேர்த்தபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகுதான் 10,000 ஆக்கினார்கள். அந்தக் காசில் வாடகை அறை எடுத்து, இரண்டு பஸ் மாறி வந்து படிப்பித்தவர்கள் எத்தனையோ பேர். டவுனுக்குப் போ என்று கடிதம் வந்தால் யார்தான் மாட்டேன் என்பார்?

கேள்வி: மகனை அடுத்த வருடம் தரம் 1இல் டவுன் பாடசாலையில் சேர்க்க ஆசை. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், இருக்கிறோம், வீட்டுக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. விண்ணப்பித்துப் பயனுண்டா?
– ஒரு தகப்பன், தலவாக்கலை

பதில்: விண்ணப்பியுங்கள். ஆனால் எங்கே புள்ளி கிடைக்கும், எங்கே வெட்டு விழும் என்று தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். ஜனவரி 31இல் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அனுமதி விதிகளைச் சொல்லும் சுற்றுநிருபம் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே வெளிவரும். டிசம்பரில் போய் நின்றால் கதவு மூடியிருக்கும்.

அருகில் வசிப்போர் பிரிவில் இரண்டு விஷயங்கள் பெரியவை. ஒன்று, வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் கடந்த ஐந்து ஆண்டும் அதே விலாசத்தில் இருக்கிறதா என்பது. இன்னொன்று தூரம். உங்கள் வீட்டுக்கும் டவுன் பாடசாலைக்கும் இடையில், இன்னும் கிட்டவாக, பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். தோட்டத்துப் பாடசாலை வாசலிலேயே இருக்கிறவருக்கு இங்கேதான் அடி. அப்புறம் உறுதி. நாலு தலைமுறை அதே காம்பராவில் பிறந்து வளர்ந்தாலும், காணி உரிமை உங்கள் பெயரில் இல்லையென்றால் அந்தப் புள்ளி இல்லை. இது அநியாயம் என்று அலுவலகத்துக்குள் இருந்தபோதே சொன்னவன் நான். சுற்றுநிருபம் எழுதுகிறவர்கள் லயத்தை நினைத்து எழுதுவதில்லை.

கிராம உத்தியோகத்தரிடம் போய் இடாப்பை ஆண்டுதோறும் சரிபாருங்கள். தோட்டம் மாறி வந்தவர்களின் பெயர் பழைய தோட்டத்திலேயே கிடக்கும். இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அது இலஞ்சம், கொடுத்தவருக்கும் குற்றம்.

டவுனில் கிடைக்காவிட்டால் பிள்ளை வீட்டில் நிற்கக் கூடாது. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம், 2016இல்தான் மேல் எல்லையை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். என்னைக் கேட்டால், ஆரம்பப் பிரிவில் அக்கறையான ஒரு டீச்சர் இருந்தால் தோட்டத்துப் பாடசாலையே போதும். விடியற்காலையில் நித்திரைத் தூக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலையைத் தேசியப் பாடசாலையாக்கப் போவதாகத் தலைவர் சொல்கிறார். நல்லதா?
– ஒரு பழைய மாணவன், ஹப்புத்தளை

பதில்: பெயர்ப் பலகை மாறும். மாகாணத்தின் கையிலிருந்து மத்திய கல்வி அமைச்சின் கைக்குப் போகும், ஆசிரியர் விஷயம் பேசப் பதுளைக்குப் போனவர்கள் பத்தரமுல்லைக்குப் போக வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் எத்தனை பேர் கூடவே வருவார்கள் என்று தலைவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மழை அடித்து ஊற்றுகிறது, பாடசாலைக்கு மேலே மண்மேடு. விடுமுறை அறிவிப்பு வரும்வரை பிள்ளைகளை வைத்திருக்கத்தான் வேண்டுமா?
– ஓர் இளம் ஆசிரியர், கொஸ்லந்த பக்கம்

பதில்: தம்பி, உங்கள் பக்கத்துக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து மலை இறங்கியபோது, பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே பாடசாலை காப்பாற்றியது. உங்கள் பாடசாலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

மாகாணக் கல்வித் திணைக்களமோ வலயமோ அறிவிக்கும் விடுமுறை எல்லாருக்கும் பொதுவானது. உங்கள் மண்மேட்டைப் பார்த்து அறிவிப்பதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற கணக்கை ஒரு அட்டையில் எழுதி அதிபர் அறையில் மாட்டுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். அதற்கு ஒரு மழைமானி வேண்டும், அதை வாசிக்க ஒரு ஆள் வேண்டும். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, இவற்றைக் கண்டால் மில்லிமீற்றரையும் பார்க்காதீர்கள். பிள்ளைகளைப் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப் போய்விட்டு, பிறகு போன் எடுங்கள். அதற்காக உங்களிடம் விளக்கக் கடிதம் கேட்டால் எனக்கு அனுப்புங்கள், பதிலை நான் எழுதித் தருகிறேன்.

மழை விட்ட பிறகு, மண்மேட்டைப் பரிசோதிக்கச் சொல்லி அதிபர் மூலம் வலயத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதுங்கள். அந்த அறிக்கை கைக்கு வந்தால்தான் கட்டடத்தை மாற்றுவது பற்றி யாரும் பேசுவார்கள்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்க ஆசை. எங்கள் பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான். டவுனுக்குப் போய்வரப் பஸ் காசு கட்டாது என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– ஒரு மாணவி, லிந்துலை

பதில்: பிள்ளை, உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ள உங்கள் பாடசாலை 1 சி வகை. விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1 ஏபி வகையில். தமிழ் மொழியில் விஞ்ஞானம் நடத்துகிற பாடசாலைகள் நம் மலையில் போதாது, அதை வலயம் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் இதைச் சொல்லிக் காட்டுங்கள்: விஞ்ஞானப் பிரிவுகளில் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, மீதி 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆய்வுகூடத்தைத்தான் தூரத்தில் வைத்திருக்கிறார்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடனே டவுன் அதிபரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், தாமதித்தால் வகுப்பு நிரம்பிவிடும். பஸ்ஸுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) மாணவர் சீசன் டிக்கெட் இருக்கிறது, சில பாதைகளில் மாணவருக்கென்றே சிசு செரிய பஸ்ஸும் ஓடுகிறது. சீசன் விண்ணப்பத்தில் பாடசாலையின் உறுதிப்படுத்தல் வேண்டும், சேர்ந்த வாரமே அதை வாங்கி டிப்போவுக்குக் கொண்டுபோங்கள். பாதையில் சிசு செரிய இல்லையென்றால் ஏறுகிற பிள்ளைகளின் பட்டியலை இடம், நேரத்தோடு எழுதி இரண்டு பாடசாலை அதிபர்களின் கையொப்பத்தோடு டிப்போவுக்குக் கொடுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் நல்லது, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.