வாசகர் கேள்வி பதில்: பழைய அமெரிக்க நாணயங்களில் வெள்ளி எவ்வளவு?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் அண்ணன் கொண்டுவந்த சில்லறையில் 1964, 1965 ஆகிய ஆண்டுகள் பொறித்த கால் டாலர் நாணயங்கள் இருக்கின்றன. முந்தையதில் மட்டும் வெள்ளி உண்டு என்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றனவே?

பதில்: அண்ணன் சொல்வது சரி. 1964 வரையிலான பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் ஆகிய மூன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, மீதி செம்பு. 1963இல் வெள்ளியின் சந்தை விலை ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு (வெள்ளி, தங்கம் நிறுக்கும் அளவு; சுமார் 31.1 கிராம்) 1.29 டாலரைத் தொட்டது. அந்த விலையில் ஒரு வெள்ளி டாலரில் உள்ள வெள்ளியே ஒரு டாலர் பெறும் என்பதால், விலை மேலும் ஏறினால் சில்லறைகளையும் மக்கள் உருக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற நிலை வந்தது. எனவே 1965 ஜூலை 23 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், பத்து சென்ட்டிலும் கால் டாலரிலும் வெள்ளியை அறவே நீக்கியது. அரை டாலரில் மட்டும் 1970 வரை நாற்பது விழுக்காடு வெள்ளி நீடித்தது.

உங்கள் நாணயங்களை விளிம்பில் பாருங்கள். 1965இன் நாணயத்தில் நடுவே செம்பு நிறக் கோடு ஓடும்; வெள்ளி நாணயத்தின் விளிம்பு முழுவதும் ஒரே வெண்மையாக இருக்கும். எடையும் காட்டிக்கொடுக்கும்: தேயாத வெள்ளிக் கால் டாலர் 6.25 கிராம், புதியது 5.67 கிராம். முன்னதில் வெள்ளி 5.6 கிராமுக்குச் சற்றுக் கூடுதல். கணக்கின் வசதிக்காக ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று கொண்டால், உலோக மதிப்பு ஏறக்குறைய 560 ரூபாய். உருக்குவோர் தேய்மானத்தையும் கூலியையும் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டியில் 1921ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி டாலர் ஒன்று கறுத்துப்போய்க் கிடக்கிறது. பின்புறம் சிறகு விரித்த கழுகு. மெருகேற்றி விற்கலாமா?

பதில்: மெருகேற்றவே கூடாது. நாணயம் சேகரிப்போர் அந்தக் கறுப்பைப் பொருட்படுத்துவதில்லை, சிலர் விரும்பவும் செய்கிறார்கள்; தேய்த்த தடத்தை மட்டும் யாரும் மன்னிப்பதில்லை. நீங்கள் விவரிப்பது மார்கன் டாலர். எடை 26.73 கிராம், வெள்ளி ஏறத்தாழ 24 கிராம்.

1904இல் நின்றுபோன இவ்வகை நாணயம் 1921இல் மீண்டும் வந்ததற்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட, அமெரிக்கா 1918இன் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் பெரும்பகுதியை இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. உருக்கியதற்கு ஈடாகப் புதிய டாலர்களை அச்சிட வேண்டும் என்று அதே சட்டம் விதித்ததால், 1921இல் கோடிக்கணக்கில் அச்சிட்டார்கள். ஆகவே உங்களுடையது அரிய நாணயம் அன்று. பெரும்பாலும் வெள்ளியின் விலையை ஒட்டியோ சற்று மேலாகவோதான் போகும். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு லட்சம் மட்டுமே அச்சான 1893ஆம் ஆண்டு டாலரின் கதை வேறு. அதற்குப் போலிகளும் மலிந்திருப்பதால், எடை பார்க்காமல், தேர்ந்தவர் ஒருவரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது.

கேள்வி: ஐந்து சென்ட் நாணயத்திலும் வெள்ளி உண்டா?

பதில்: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மட்டும் உண்டு. படைத் தேவைக்காக நிக்கலை மிச்சப்படுத்த வேண்டியிருந்ததால், 1942இன் பிற்பகுதி முதல் 1945 வரை முப்பத்தைந்து விழுக்காடு வெள்ளி கலந்தார்கள். ஒரு நாணயத்தில் 1.75 கிராம். 1942இல் பழைய கலவையிலும் அச்சிட்டதால் ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பின்புறத்தில் மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே ‘பி’, ‘டி’, ‘எஸ்’ ஆகிய ஆங்கில எழுத்துகளில் ஒன்று பெரிதாக இருந்தால் அது வெள்ளி கலந்தது.